அண்டார்க்டிகாவில் காக்கைக்குச் சோறு

அன்புள்ள ஐயா,

என் தம்பி டீசல் மெக்கானிக். இந்த முறை அண்டார்க்டிகாவில் உள்ள இந்திய ஆய்வு நிலையமான மைத்ரிக்குத் தேர்வாகியிருக்கிறான். குளிர்காலம் முழுக்க அங்கேதான். பெரம்பூர் வீட்டு மாடியில் காக்கைக்குச் சோறு வைக்காமல் அம்மா சாப்பிட மாட்டார். "அங்கேயும் காக்கை மாதிரி ஒண்ணு உண்டாமே, அமாவாசைக்காவது ஒரு பிடி வைக்கச் சொல்லு" என்கிறார். வைக்கலாமா? பென்குவின், பனிக்கரடியெல்லாம் கிட்டே வருமா? அம்மா மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். எதைக் கொண்டுபோகக் கூடாது?

சுமதி, பெரம்பூர்

அன்புள்ள சுமதி,

கரடியை முதலில் முடித்துவிடுவோம். பனிக்கரடி வடதுருவப் பகுதியில் மட்டும்தான் உண்டு. வடதுருவ ஆய்வுக்கான நம் ஹிமாத்ரி நிலையம் இருக்கும், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் அந்தப் பயம் நிஜம். ஹிமாத்ரி இருக்கும் ஊரில் கட்டடக் கதவுகளைப் பூட்டாமல் வைப்பதே, கரடியைக் கண்டால் கிடைத்த கட்டடத்துக்குள் ஓடிப் புகுந்துகொள்ளத்தான். தம்பி போவது எதிர்முனைக்கு.

அம்மா கேள்விப்பட்டது ஸ்குவா என்ற கடற்பறவையாக இருக்கும். பழுப்பு நிறம், வளைந்த அலகு, காக்கையைவிடப் பெரியது, துணிச்சலில் காக்கைக்கு அண்ணன். அதற்குச் சோறு வைக்கக் கூடாது. ஒரு பருக்கைகூட.

காரணம் சட்டம் மட்டுமல்ல. ஸ்குவா மற்ற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று வாழ்வது. மைத்ரி இருக்கும் ஷிர்மாக்கர் பாறைவெளியில் பனிப் பெட்ரல் என்ற வெள்ளைப் பறவை பாறை இடுக்குகளில் வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும். நிலையத்தில் தீனி கிடைத்தால் ஸ்குவா அங்கேயே சுற்றும், எண்ணிக்கையும் கூடும். அதன் விலையைக் கொடுப்பது பெட்ரல். அடுத்தது நோய். 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிகா நிலப்பகுதியில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் முதன்முதலாக உறுதியானது செத்துக் கிடந்த ஸ்குவாக்களில்தான். அதற்கு வெகுகாலம் முன்பே, அண்டார்க்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்க 1991இல் கையெழுத்தான மாட்ரிட் உடன்படிக்கை கோழிக்கறி விஷயத்தில் கறாராக இருந்தது. உண்ணாமல் மிஞ்சிய கோழியின் எந்தப் பகுதியையும் எரியூட்டியில் எரிக்க வேண்டும், அல்லது கண்டத்தைவிட்டே வெளியேற்ற வேண்டும். திறந்தவெளியில் எரிப்பது கூடாது. எரியூட்டியின் சாம்பலும் கப்பலேறித்தான் ஆக வேண்டும்.

ஆகவே தம்பிக்கு விலங்குகளோடு வரப்போகும் பெரிய சிக்கல் குப்பைத்தொட்டி மூடிதான். சமையலறை முறை அவருக்கும் வரும். எலும்பும் தட்டில் மிஞ்சியதும் பிளாஸ்டிக் பையில் கட்டி வாசலில் "அப்புறம் எடுக்கலாம்" என்று வைக்கப்பட்டால் ஸ்குவா கிழித்துவிடும், மிச்சத்தைக் காற்று வாரிக்கொண்டு போகும். மூடியுள்ள, இறுகப் பூட்டும் டிரம்மில் போட்ட பிறகே வெளியே வைக்க வேண்டும்.

அமாவாசைக் கணக்கும் பாருங்கள். தை அமாவாசை வரும்போது ஸ்குவா குஞ்சு வளர்த்துக்கொண்டிருக்கும். கூடு என்று எதுவும் இருக்காது. சரளையில் ஒரு சின்னப் பள்ளம், பெரும்பாலும் இரண்டு முட்டை. தெரியாமல் பக்கத்தில் போனால் தலையைக் குறிவைத்துப் பாயும். உடம்பில் எது உயரமோ அதைத்தான் அடிக்கும் என்பதால், ஒரு கம்பைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினால் போதும். கம்பை வீசக் கூடாது. ஆடி அமாவாசைக்கோ சோறு வைத்தாலும் எடுக்க ஆளில்லை. ஸ்குவாக்கள் வடக்கே கடலுக்குப் போய்விட்டிருக்கும். மே கடைசியிலிருந்து ஜூலை பிற்பகுதிவரை மைத்ரியில் சூரியனே எழாது. அம்மா மகன் பேரையும் சொல்லிப் பெரம்பூர் மாடியிலேயே வைக்கட்டும்.

பென்குவின் மைத்ரியில் அபூர்வம், கடல் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி. கரையோரத்தில் இருக்கும் நம் இன்னொரு நிலையமான பாரதியில் அடேலி என்ற வகைப் பென்குவின் சாதாரணம். வழிதவறி ஒன்று வந்தால் குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அது நம்மை நோக்கி நடந்தால் அசையாமல் நின்றுவிட வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் ஒன்று இறகு கலைந்து, சோர்ந்து, ஒரே இடத்தில் நின்றால் நோய் என்று நினைத்து உதவப் போகக் கூடாது. இறகு உதிர்க்கும் இரண்டு மூன்று வாரமும் அது கடலில் இறங்காது, இரை தின்னாது, சேர்த்த கொழுப்பில்தான் உயிர் ஓட்டும். நாலு தடவை விரட்டி ஓடவைத்தால் அந்தக் கொழுப்புதான் கரையும். செத்த பறவையை, அல்லது தலை திருகித் தள்ளாடும் பறவையைக் கண்டால் தொடாமல், தூரத்திலிருந்து படமெடுத்துக் குழுத் தலைவரிடம் சொல்ல வேண்டும்.

இனி மூட்டை. துளசிச் செடி, விதை, மாடத்து மண் மூன்றும் கூடாது. உயிருள்ள செடியும் கிருமிநீக்காத மண்ணும் அங்கே தடை. விபூதி, குங்குமம் போகலாம். வறுத்து அரைத்த பருப்புப்பொடி, அப்பளம், வடாம் எல்லாம் குழுவின் உணவுப் பட்டியலில் சொல்லிச் சேர்க்க வேண்டும். அம்மா கவனிக்காமல் விடக்கூடியது பழைய உடுப்புகள். பாக்கெட் மூலை, வெல்க்ரோ, ஷூ அடி, கேமரா பை இங்கெல்லாம் புல்விதையும் கடுகும் ஒட்டியிருக்கும். எல்லாப் பாக்கெட்டையும் வெளியே இழுத்து வேக்குவம் போடச் சொல்லுங்கள். ஷூ அடியைப் பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகு பெட்டியில் வைக்கட்டும்.