முதல் இதழின் விண்வெளிச் சண்டை: யார் யாரைத் துரத்துகிறார்கள்?

நண்பரே, உங்கள் காமிக்ஸின் முதல் இதழ் 22 பக்கம், அதில் ஆறு பக்கம் போரின் முன்கதை, அதன்பின் வரும் சண்டையில் எந்தக் கலம் யாருடையது என்றே படித்தவர்களுக்குப் புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முன்கதையைத் தயங்காமல் வெட்டுங்கள். தேவையானதை விமானிகளின் ரேடியோ பேச்சில் இரண்டு வரியில் சொல்லிவிடலாம்.

சண்டைக்குத்தான் உழைப்பு வேண்டும். இரு கலங்களையும் இணைக்கும் ஒரு கோட்டை மனத்தில் வரைந்து, பார்வைக் கோணத்தை அதன் ஒரே பக்கத்தில் வையுங்கள். நாயகி இடமிருந்து வலமாகப் பறந்தால், துரத்துபவன் எல்லாக் கட்டங்களிலும் அவளுக்கு இடப்பக்கமே இருக்கட்டும். திசை மாறியே ஆகவேண்டும் என்றால், நடுவில் அவள் முகம் மட்டும் தெரியும் ஒரு கட்டம் போடுங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: விண்வெளியில் காற்று இல்லை. இறக்கையைச் சாய்த்துத் திரும்ப முடியாது; எஞ்சினை அணைத்தாலும் கலம் அதே வேகத்தில் போய்க்கொண்டேயிருக்கும். ஆகவே அவள் கலத்தின் சிறு உந்து எஞ்சின்களால் அதன் மூக்கை மட்டும் பின்னோக்கித் திருப்பி, வலப்பக்கம் விரைந்தபடியே துரத்துபவனை நேருக்கு நேர் சுடலாம். அந்தக் கட்டத்தை இரட்டைப்படை எண் பக்கத்தில் முதலாவதாக வையுங்கள். அச்சு இதழில் பக்கத்தைத் திருப்பியதும் கண்ணில் படுவது அதுதான்.