ராத்திரி 10 மணிக்கு குடிக்கிறதை நிறுத்திட்டா காலைல ஃப்ளைட் ஓட்டலாமா?

கேள்வி: நான் ஒரு ஏர்லைன்ல கோ-பைலட். சனிக்கிழமை ராத்திரி ஃப்ரெண்டோட கல்யாண பார்ட்டி, ஞாயிறு காலைல 11 மணிக்கு ரிப்போர்ட்டிங். 10 மணிக்கே நிறுத்திட்டா 13 மணி நேரம் ஆயிடும், குடிச்சதுக்கும் ஓட்டுறதுக்கும் நடுவுல ரூல் 12 மணி நேரம் தானே, காலைல மோரும் காபியும் குடிச்சா போதும்னு சீனியர் ஒருத்தர் சொல்றார். சரியா சார்? (பேர் வேண்டாம், சென்னை)

பதில்: சரியில்ல தம்பி. நம்ம ஊர்ல ரூல் 12 மணி நேரம்ங்கிறது உண்மைதான், ஆனா அது பாதி ரூல், மீதி பாதி என்னன்னா டெஸ்ட்ல ஊதும்போது ஜீரோ வரணும், 13 மணி நேரம் ஆச்சு சார்னு மெஷின் கிட்ட பேச முடியாது. கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி விஸ்கில கிட்டத்தட்ட 20 கிராம் ஆல்கஹால் இருக்கு, 70 கிலோ ஆளோட ஈரல் ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 7 கிராம்தான் கரைக்கும், அப்ப நாலு லார்ஜ் அடிச்சாலே 11, 12 மணி நேரம் ஓடிடும், ஆறு அடிச்சா நீங்க ரிப்போர்ட் பண்ற நேரத்துலயும் ரத்தத்துல மிச்சம் இருக்கும். மோர், காபி, குளியல் எதுவும் ஈரலை வேகமா ஓட வைக்காது. காபி தூக்கத்தை விரட்டும், அவ்ளோதான்.

சரி, ஜீரோவே வந்துடுச்சுன்னு வைங்க. குடிச்சுட்டு படுத்தா ரூம் சுத்துதுல்ல, அது காதுக்குள்ள இருக்கிற பேலன்ஸ் உறுப்புல ஆல்கஹால் போறதால வர்றது, ரத்தத்துல சுத்தமா போனதுக்கு அப்புறமும் அங்க இருக்கிற திரவத்துல அது கொஞ்ச நேரம் தங்கும், அந்த நேரத்துல மேகத்துக்குள்ள ஓட்டிட்டு இருக்கும்போது சட்டுனு தலையைத் திருப்பினீங்கன்னா விமானம் நேரா போகுதா சாயுதான்னு உடம்பு தப்பா சொல்லும். இதை எந்த மெஷினும் காட்டாது. எனக்கு பயமே இதுலதான்.

அமெரிக்கால சட்டப்படி 8 மணி நேரம்தான், ஆனா அங்க விமானத் துறையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்ஏஏவே 24 மணி நேரம் விடுறது நல்லதுன்னு சொல்லுது. 1990-ல அங்க ஃபார்கோல இருந்து மினியாபொலிஸுக்கு நார்த்வெஸ்ட் விமானம் ஒண்ணை, முந்தின ராத்திரி பார்ல குடிச்சுட்டு காக்பிட்ல இருந்த மூணு பேரும் காலைல ஓட்டிட்டு வந்தாங்க, பத்திரமா இறக்கினாங்க, ஆனாலும் மூணு பேருக்கும் ஜெயில். இங்க ஃப்ளைட்டுக்கு முன்னாடி எடுக்கிற டெஸ்ட்ல முதல் தடவை மாட்டினா லைசென்ஸ் 3 மாசம் சஸ்பெண்ட், ரெண்டாவது தடவைன்னா 3 வருஷம்.

அதனால பார்ட்டிக்கு தாராளமா போங்க, குடிக்காம இருந்துட்டு வாங்க. குடிச்சே ஆகணும்னா ஞாயிறு டியூட்டியை இப்பவே ஸ்வாப் பண்ணுங்க, முன்கூட்டியே கேட்டா யாராவது எடுத்துப்பாங்க. அதையும் மீறி அன்னிக்கு ராத்திரி குடிச்சுட்டீங்கன்னா, ரிப்போர்ட்டிங்குக்குப் போய் ஊதிப் பார்க்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, உடனே ஷெட்யூலிங்குக்கு போன் பண்ணி நான் ஃபிட் இல்லன்னு சொல்லிடுங்க. திட்டு விழும், விழட்டும். ஸ்டாண்ட்பைல இருக்கிறவரைக் கூப்பிட அவங்களுக்கு டைம் கிடைக்கும்.