எஸ்லிங்கன் மத்தியகாலச் சந்தையில் கடை போட விரும்பும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கோயம்புத்தூரிலிருந்து முதுகலைப் படிப்புக்காக ஜேர்மனிக்கு வந்து ஸ்ருட்காட்டில் தங்கியிருக்கும் நீங்கள், பக்கத்து எஸ்லிங்கன் நகரின் மத்தியகால நத்தார் (கிறிஸ்துமஸ்) சந்தையில் நண்பர் ஒருவருடன் சேர்ந்து கடை போட விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, பழந்தமிழ் வணிகர் கோலத்தில் நின்று மிளகாய்ப் பொடியும் சமோசாவும் விற்கலாமா என்று கேட்டதோடு, வீசா, குளிர், மொழி, இலாபம் பற்றியும் விசாரித்திருந்தீர்கள். அந்தச் சந்தையில் பல ஆண்டுகளாக நறுமணச் சரக்குக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். இலாபத்தைப் பற்றிக் கடைசியில் ஓரிரு வரி சொல்வேன். எனக்கு முக்கியமாகப் படுபவை வேறு.

கடுதாசி விடயத்தை முதலில் முடித்துவிடுவோம். மாணவர் வீசாவில் இருப்பவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம் என்று 2024 மார்ச் முதல் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அது இன்னொருவரிடம் சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கான அனுமதி. கடையை உங்கள் பெயரில் எடுத்தால் அது சுயதொழில் ஆகிவிடும். அதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் தனியாக அனுமதி பெற வேண்டும், அதுவும் கடைக்குக் கையெழுத்திடுவதற்கு முன்பே பெற வேண்டும். ‘கடை நண்பரின் பெயரில் இருக்கட்டும், நான் சும்மா உதவிக்கு நிற்கிறேன்’ என்ற யோசனை உங்களுக்கு வந்திருக்கும், எல்லோருக்கும் வருவதுதான். ஜேர்மன் சுங்கத் துறை, பதிவில்லாத வேலையைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு பிரிவை வைத்திருக்கிறது, அந்தப் பிரிவினர் மத்தியகால உடையில் வருவதில்லை. எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களில் சிலர், ‘அதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள்’ என்று உங்களுக்குத் தைரியம் சொல்வார்கள். அப்படிச் சொல்பவரின் சட்டைப்பையில் ஜேர்மன் கடவுச்சீட்டு இருக்கும். அடுத்த ஆண்டு வீசாவைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கப்போவது நீங்கள்.

ஆகவே முதல் குளிர்காலத்தில் ஏற்கெனவே கடை வைத்திருப்பவர் ஒருவரிடம் எழுத்து ஒப்பந்தத்தோடு சம்பளத்துக்கு நிற்பதே நல்லது. அந்த ஒப்பந்தத்தில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2025இல் மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது, 2026 ஜனவரி முதல் 13.90 யூரோ. இந்தத் தொகையை எழுதிவிட்டு, சந்தை திறந்திருக்கும் நேரத்தை மட்டும் வேலை நேரமாகக் கணக்கிடும் முதலாளிகள் உண்டு. எனக்கு வேலை செய்யும் அனுமதி கிடைத்த புதிதில் வேறொரு ஊர்ச் சந்தையில் அப்படி ஒருவரிடம் நின்றேன். விடியற்காலையில் பலகை இறக்கியது, இரவில் கல்லாவை எண்ணிக் கடையைப் பூட்டியது, சந்தை முடிந்த இரவில் கூடாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றியது எதற்கும் ஒரு சதமும் கிடைக்கவில்லை. கேட்டபோது, மத்தியகாலத்தில் பணியாட்களுக்கு அப்படித்தான் என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. கடை கட்டுவதும் பிரிப்பதும் வேலைதான் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். உணவைச் சமைத்தோ பரிமாறியோ விற்பதானால் சுகாதார அலுவலகத்தின் தொற்றுநோய்த் தடுப்பு அறிவுறுத்தலுக்குப் போய்ச் சான்றிதழ் பெற வேண்டும். முதன்முதலாக வேலையில் சேரும்போது அது மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது.

இனிக் குளிர். கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் உறவினர்கள் எங்கள் குளிரைக் கேட்டுச் சிரிப்பார்கள், ஏனென்றால் எஸ்லிங்கன் இருக்கும் நெக்கார் ஆற்றுப் பள்ளத்தாக்கில் டிசம்பரில் வெப்பநிலை பெரும்பாலும் பூச்சியத்தைச் சுற்றியே நிற்கும். ஆனால் அது ஈரக் குளிர். நடப்பவனை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. காலை பதினொரு மணியிலிருந்து இரவு எட்டைத் தாண்டியும் ஒரே இடத்தில் கருங்கல் தரையில் நிற்பவனை உள்ளங்காலிலிருந்து பிடிக்கும். உடம்புக்கு எவ்வளவு போர்த்தினாலும், கால் போனால் அன்றைய வியாபாரம் போயிற்று. கடைக்குள் தரையில் மரச்சட்டம் போட்டு, அதன்மேல் வைக்கோல், அதற்கும் மேல் ஆட்டுத்தோல் விரித்து நான் நிற்கிறேன். சப்பாத்தை ஓர் அளவாவது பெரிதாக வாங்கி உள்ளே தடித்த கம்பளித் தட்டு வைக்க வேண்டும். இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை போடுவதால் பயனில்லை, இரத்தம் ஓடாமல் விரல் இன்னும் சீக்கிரம் விறைக்கும். அக்காலத்து மெல்லிய தோல் சப்பாத்துத்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், அந்த மக்கள் சேற்றிலும் பனியிலும் நடக்கும்போது அதற்குக் கீழே உயரமான மரப் பாதணியும் மாட்டிக்கொண்டார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பருத்தியை உடம்போடு ஒட்ட உடுத்தாதீர்கள். கடை கட்டும்போது வரும் வியர்வை அதிலேயே தங்கி, நீங்கள் நின்ற பிறகு உங்களைக் குளிரவைக்கும். வெளியே தெரியாதபடி உள்ளே மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் லினன் சட்டை, அதன்மேல் கம்பளி அங்கி என்பதே வரிசை. செயற்கை நூல் வேண்டாம் என்று சந்தைக்காரர்கள் சொல்வது அழகுக்காக மட்டும் அல்ல. தீச்சட்டியிலிருந்து பொறி பறந்து விழுந்தால் பொலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், கம்பளி கருகி அணைந்துவிடும்.

காலைப் பற்றி நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1984இன் கடைசியில் நான் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, அன்றைக்கு எங்கள் ஆட்கள் பலரும் வந்ததுபோலவே, ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் வந்து சேர்ந்தபோது, கொழும்பில் வாங்கிய மெல்லிய அடித்தட்டுச் சப்பாத்துத்தான் காலில் இருந்தது. பிறகு இந்த மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் அகதி விடுதிக்கு அனுப்பினார்கள். வேலை செய்யக் கூடாது, மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது, உணவு பொதியாக வரும், பணம் கையில் வராது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அதே சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளை மடித்து வைத்துக்கொண்டு, அந்த ஊர் நத்தார்ச் சந்தையை மாலைகளில் சுற்றிச் சுற்றி வந்தோம். ஒன்றும் வாங்க முடியாது. வறுத்த பாதாம் வாசத்தையும் கம்பிக்கூட்டுக்குள் எரியும் விறகின் சூட்டையும் யாரும் விலைக்கு விற்கவில்லை என்பதால் அவை எங்களுக்கும் கிடைத்தன. கடைக்குள் நின்றவர்கள் வைக்கோலின் மேல் நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். இன்றைக்குப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தோடும் கணக்கில் பணத்தோடும் வந்து இறங்கும் பிள்ளைகளைக் கண்டு எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் மூன்று ஆண்டுகள் இங்கே இருந்தும் பாண் கடையில் ஆங்கிலத்தில் பேசும் பிள்ளைகளைக் கண்டால் கோபம் வருகிறது. நீங்கள் அப்படி இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். சந்தையில் ஆங்கிலம் விலைபோகாது. அங்கே யூரோவைத் தாலர் என்று சொல்லி, பழைய பாணி ஜேர்மனில் வரவேற்றுப் பேச வேண்டும். அதை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வீர்கள். நான் அதை இந்தப் பகுதியின் சுவாபிய வட்டாரப் பேச்சோடு கலந்து பேசுவதால், ‘எந்த ஊர்’ என்று கேட்க வாயெடுப்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

வேட்டியும் தலைப்பாகையும் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மத்தியகாலத் தமிழ் வணிகர்கள் கடல் கடந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. சுமாத்திராவின் பாருசில் ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழுவின் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது, சீனாவின் சுவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஆனால் அவர்களுடைய திசை கிழக்கு. மேற்கே ஐரோப்பாவுக்கு வந்தது அவர்களல்ல, மிளகு. அது மலபார்க் கரையிலிருந்து அரபுக் கப்பல்களில் ஏறி, அலெக்சாந்திரியாவில் கைமாறி, வெனிசுக்கு வந்தது. அங்கே ஜேர்மன் வணிகர்களுக்கென்றே ஒரு பெரிய விடுதியும் பண்டகசாலையும் இருந்தன. அவர்கள்தான் அதை அல்ப்ஸ் மலையைத் தாண்டி அவுக்ஸ்பூர்க்குக்கும் உல்முக்கும் நூரெம்பேர்க்குக்கும் கொண்டுவந்தார்கள். எஸ்லிங்கன் 13ஆம் நூற்றாண்டிலேயே நெக்காரின் மேல் கல்பாலம் கட்டிய வணிக நகரம். அங்கே மிளகு விற்றவன் ஒரு சுவாபியக் கடைக்காரன். நான் உடுத்துவது அந்தக் கடைக்காரனின் உடை: முழங்கால் வரையிலான கம்பளி அங்கி, தோள்வரை இறங்கும் தலைமூடி, இடுப்பில் தோல் பை. என் மனைவி உள்தையலை இயந்திரத்தில் போட்டு, வெளியே தெரியும் விளிம்பை மட்டும் கையால் தைத்தார், ஏனென்றால் இந்த வட்டாரத்தில் தையலைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சிலர் வணக்கமே சொல்வார்கள்.

வேறொரு சந்தையை நடத்தியவர் என்னிடம் மினுங்கும் தலைப்பாகையையும் நுனி வளைந்த சப்பாத்தையும் நீட்டி, கீழைத்தேய அரசனாக நிற்கச் சொன்னார். நத்தார்க் குடிலில் வரும் மூன்று அரசர்களில் ஒருவருக்கு என் நிறம் பொருந்தும் என்பது அவருடைய கணக்கு. அரசன் மிளகை நிறுத்து விற்பானா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். தலைப்பாகையோடு நின்றால் உங்களைப் படம் எடுப்பார்கள், சரக்கை வாங்க மாட்டார்கள். இதே உடைக்காக எங்கள் சனமும் என்னைக் கேலி செய்தது. ‘இந்த வயதில் வேஷம் போட்டுச் சந்தையில் நிற்கிறாராம்’ என்று கல்யாண மண்டபத்தில் பேசினவர்கள், தங்கள் மகளின் சாமத்தியவீட்டுக்கு வாடகைக் கிரீடமும் பல்லக்கும் பிடித்தவர்கள். அந்த வேஷத்துக்கு அவர்கள் காசு கொடுத்தார்கள், என்னுடைய வேஷத்துக்கு எனக்குக் காசு வருகிறது.

சரக்கு விடயத்தில் மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது. மூன்றும் கொலம்பஸ் 1492இல் கடல் கடந்த பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவை. சந்தையில் சரக்கைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதில் கண்டிப்பானவர்கள். எஸ்லிங்கனிலிருந்து அதிக தூரமில்லாத தியூபிங்கன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லெயோன்ஹார்ட் ஃபூக்ஸ், 1543இல் வெளியிட்ட மூலிகை நூலில் மிளகாய்ச் செடியை அழகாக வரையவைத்து, அது கோழிக்கோட்டு மிளகு என்று எழுதி வைத்தார். அந்தப் படத்தைக் காட்டி நான் ஒருமுறை வாதாடிப் பார்த்தேன். சந்தையின் காலம் 1500ஓடு முடிகிறது என்று பதில் வந்தது. அந்தக் காலத்து எங்கள் முன்னோரும் மிளகாயைக் கண்டதில்லை என்பதை நினைத்தால் இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. உங்கள் பாட்டி வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் மருந்து டப்பாவிலும் இருந்தவையே இங்கே சிறந்த சரக்கு: மிளகு, சுக்கு, கறுவா, கராம்பு, சாதிக்காய், திப்பிலி, சித்தரத்தை. பின்னிரண்டும் ஐரோப்பியச் சமையலறையிலிருந்து மறைந்துபோனாலும் அக்காலத்தில் இங்கே பெருமதிப்புப் பெற்றவை. சித்தரத்தையை 12ஆம் நூற்றாண்டிலேயே பிங்கன் நகரத்துத் துறவி ஹில்டெகார்ட் புகழ்ந்து எழுதியிருப்பதால், அதைத் தேடிக்கொண்டே வருகிற மூதாட்டிகள் உண்டு. திப்பிலியை நான் கல்லுரலில் இடித்து, அந்தச் சூட்டோடு வாடிக்கையாளரின் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைப்பேன். முதலில் இனிப்பாக இருக்கிறது என்பார்கள், பேச்சு முடிவதற்குள் கண்ணில் நீர் வரும், பையை நீட்டுவார்கள். ஆனால் அது இருமலுக்கு நல்லது என்று பலகையில் எழுதிவிடாதீர்கள். உணவுப் பொருளுக்கு நோய் தீர்க்கும் குணம் சொல்லி விற்பதைச் சட்டம் தடுக்கிறது.

முன்னால் பித்தளைத் தராசு தொங்கும், பார்க்க அழகாக இருக்கும். உண்மையில் நிறுப்பது மரப்பெட்டிக்குள் ஒளித்து வைத்த மின்தராசில். அது முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும், இரண்டாண்டுக்கு ஒருமுறை முத்திரையைப் புதுப்பிக்க வேண்டும். கூடாரத் துணி தீப்பிடிக்காத வகையைச் சேர்ந்ததென்ற சான்று, தீயணைப்பான், விலைப் பட்டியல் இவையெல்லாம் இந்த நூற்றாண்டுக்கு உரியவை, அவற்றில் விட்டுக்கொடுப்பு இல்லை. தீயணைப்பானைச் சாக்குத் துணியால் மூடி வைக்கலாம் என்று நினைப்பீர்கள்; அதையும் நெருப்புக் காலத்தில் கண்டுபிடிக்க முடியாது என்று தீயணைப்புப் படையினர் அவிழ்க்கச் சொல்வார்கள்.

இலாபம் எவ்வளவு என்று நான் எண் சொல்லப்போவதில்லை. யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவில் கச்சான் (நிலக்கடலை) கடை போடுவதைப் போலத்தான் இதுவும், மழை பெய்யும் சனிக்கிழமையும் பனி தூவும் சனிக்கிழமையும் ஒன்றல்ல. கடைக்கு விண்ணப்பிப்பதானால் கூடாரத்தின் படத்தையும் உடையின் படத்தையும் இணைத்துப் பல மாதங்களுக்கு முன்பே அனுப்ப வேண்டும், ஆகவே இந்த ஆண்டுக்கு நேரம் கடந்துவிட்டது. வார நாள் ஒன்றில் மதியத்துக்கு முன் வாருங்கள். வார இறுதியில் பேச முடியாத அளவுக்குக் கூட்டம் இருக்கும். தேன்மெழுகுதிரி தோய்க்கும் கடைக்காரருக்கு இந்தப் பருவத்தில் ஆள் தேவைப்படுகிறது. முறையாகப் பதிவு செய்து கூலி கொடுப்பவர், கட்டும் நேரத்தையும் கணக்கில் சேர்ப்பவர். உங்களைப் பற்றி அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் நண்பர் சமோசாவை விடமாட்டேன் என்று நின்றால், அதே நகரில் பக்கத்திலேயே சாதாரண நத்தார்ச் சந்தையும் நடக்கிறது, அங்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் உருளைக்கிழங்குக்குத் தடை இல்லை.