ஸ்காட்லாந்துக்காரங்க பயந்துட்டாங்களா?

வணக்கம் சார். இங்கிலாந்த எதிர்த்துச் சண்ட போட்ட ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸ் பத்தின படம் ஒண்ணு போன வாரம் பாத்தேன். 700 வருஷம் முன்னாடி உயிரக் கொடுத்து சண்ட போட்ட சனம், 2014ல ஓட்டுப் போட்டாலே தனிநாடுங்கிற நெலம வந்தப்ப வேணாம்னு சொல்லிட்டாங்களே, பயந்துட்டாங்களா?
கே., திண்டுக்கல்

அன்புள்ள கே,

பயம்னு ஒரே வார்த்தையில முடிச்சிடாதீங்க, எனக்கு மனசு கேக்கல. வாலஸ 1305ல லண்டன்ல கொன்னாங்க, சரி, ஆனா ஸ்காட்லாந்து ராஜா ராபர்ட் புரூஸ் 1314ல பானக்பர்ன்ல இங்கிலாந்துப் படைய ஓட ஓட விரட்டினார், 1328ல இங்கிலாந்தே ஸ்காட்லாந்து தனி நாடுதான்னு ஒப்பந்தத்துல ஒத்துக்கிச்சு. படம் பாத்தவங்க நெறய பேர் இத விட்டுடறாங்க. சண்டையில அவங்க ஜெயிச்சவங்க. நாடு கைய விட்டுப் போனது காசு விஷயத்துல.

1698ல லீத் துறைமுகத்துலருந்து அஞ்சு கப்பல்ல சுமார் 1200 பேர் கெளம்பறாங்க, இப்ப பனாமா இருக்கிற பக்கம் டேரியன்ங்கிற எடத்துல குடியேறி பெரிய வியாபாரம் பண்ணலாம்னு கனவு, பிரபு, வியாபாரி, வக்கீல்னு ஊரே அந்த கம்பெனில பணம் போட்டிருக்கு. போன எடத்துல மழ, காய்ச்சல், பட்டினி, பத்தாததுக்கு ஸ்பெயின்காரன் வேற. பக்கத்துல ஜமைக்கா இருந்தும் ஒரு மூட்ட சோளம் கெடைக்கல, ஏன்னா உதவக் கூடாதுன்னு இங்கிலீஷ் காலனிகளுக்கு உத்தரவு, அந்த உத்தரவு போட்ட இங்கிலாந்து ராஜா வில்லியம்தான் ஸ்காட்லாந்துக்கும் ராஜா! ரெண்டாவது தடவையும் ஆள் போய் மொத்தம் சுமார் 2000 பேர் செத்தாங்க, போட்ட பணமும் போச்சு.

அந்தக் காயத்து மேலதான் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே நாடாகுற 1707 இணைப்பு வருது. இங்கிலாந்து தர்றதா ஒத்துக்கிட்ட தொக 3,98,085 பவுண்டு 10 ஷில்லிங், அதுல பெரும்பங்கு டேரியன்ல பணம் விட்டவங்களுக்கு. சாதாரண சனத்துக்கு ஓட்டே கெடையாது, தலைநகர் எடின்பரோலயும் கிளாஸ்கோலயும் தெருவுல எறங்கிக் கலாட்டா பண்ணத்தான் முடிஞ்சது. ஆகஸ்ட் மாசம் அந்தப் பணம் வண்டி வண்டியா எடின்பரோவுக்குள்ள வந்தப்ப சனம் கல்லால அடிச்சாங்க. என்னைக் கேட்டா படம் எடுக்கணும்னா இத எடுக்கணும்.

சண்டையில போகாத நாடு சண்டையில திரும்பி வராதுல்ல, அதனாலதான் பின்னாடி எல்லாம் ஓட்டுல நடக்குது. 1979ல தனிநாடு கூட இல்ல, சொந்தமா ஒரு சட்டசபை வேணுமான்னுதான் கேட்டாங்க, ஓட்டுப் போட்டவங்கள்ல 51.6% பேர் வேணும்னாங்க, ஆனா ஓட்டுப் போடாதவங்களையும் சேத்து மொத்த வாக்காளர்ல 40% பேர் ஆதரவு வேணும்னு ஒரு கண்டிஷன் இருந்ததால அது செல்லல. ஜெயிச்சும் தோத்தாங்க. திரும்ப 1997 வரைக்கும் காத்திருந்து 74.3% வாங்கினாங்க. 1999ல மொத கூட்டத்துல வின்னி யூயிங்ங்கிற மூத்த உறுப்பினர் அம்மா எழுந்து, 1707 மார்ச் 25ல ஒத்திவெச்ச ஸ்காட்லாந்து பார்லிமெண்ட் இப்ப திரும்பக் கூடுதுன்னு சொன்னாங்க. படிக்கிறப்பல்லாம் எனக்கு சிலிர்க்கும்.

2014க்கு வர்றேன். 84.6% பேர் ஓட்டுப் போட்டாங்க, 16 வயசுப் பிள்ளைங்க உட்பட, 44.7% தனிநாடுன்னாங்க. வேணாம்னவங்க கேட்டதும் நியாயமான கேள்விங்கதான், எந்தக் கரன்சி, பென்ஷன் என்னாகும், ஐரோப்பிய யூனியன்ல இருப்போமா. டேரியன்ல மொத்தமா இழந்த ஊர்ல காசு பத்திக் கேக்கறத கோழைத்தனம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா பிரிட்டன் ஐரோப்பிய யூனியன விட்டு வெளியேறலாமான்னு கேட்ட 2016 பிரெக்சிட் ஓட்டுல ஸ்காட்லாந்துல 62% யூனியன்லயே இருப்போம்னு சொல்லியும் வெளிய இழுத்துட்டுப் போனாங்க. மறுபடி ஓட்டு நடத்தலாம்னா, லண்டன் ஒத்துக்காம எடின்பரோ பார்லிமெண்ட் அதுக்குச் சட்டம் போட முடியாதுன்னு 2022 நவம்பர்ல பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.