சீம்பாலும் குடல் கிருமியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பேத்தி பிறந்து பத்து நாள் ஆகிறது. தாய்ப்பாலோடு வீட்டு வெள்ளாட்டுப் பாலும் இரண்டு சங்கு ஊற்றினால் வயிற்றில் நல்ல கிருமி சேரும் என்கிறார் சம்பந்தியம்மா. ஆட்டுக் குடலில் இருப்பதும் நம் குடலில் இருப்பதும் ஒரே கிருமிதானா?
ஒரு வாசகி, ஒடுகத்தூர்

பதில்: வேண்டாம்மா. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். உங்கள் ஆடு குட்டி போட்டதும் என்ன செய்கிறது என்று பார்த்திருப்பீர்கள். ஈரம் காய்வதற்குள் நக்கி நக்கித் துடைக்கும், குட்டி தள்ளாடி எழுந்து மடியை முட்டும், அந்த நாக்கிலும் மடியிலும் இருந்துதான் ஆட்டுக்குரிய கிருமிகள் குட்டிக்குப் போகின்றன. தழை கடிக்கத் தொடங்கியதும் அசை வயிறு வளர்ந்து, அங்கே நாரைப் புளிக்கவைக்கும் கூட்டம் பெருகும். நம் குழந்தைக்கு அந்தக் கூட்டத்தால் ஒரு பயனும் இல்லை.

தாய்ப்பாலில் லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை சிக்கலான சர்க்கரைகள் இருக்கின்றன, சீம்பாலில் இன்னும் அதிகம். அவற்றைக் குழந்தையால் செரிக்க முடியாது! அப்புறம் எதற்கு அம்மாவின் உடம்பு இவ்வளவு பாடுபட்டு அதைச் சுரக்கிறது? பிஃபிடோபாக்டீரியம் என்ற கிருமிக்காக. 1899-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டிசியே என்பவர் தாய்ப்பால் குடித்த குழந்தையின் மலத்தில்தான் இதை முதலில் கண்டார். இதன் இன்ஃபாண்டிஸ் என்ற வகையின் மரபணுத் தொகுதியை, அதாவது டி.என்.ஏ. எழுத்துகளில் அமைந்த அதன் உயிர்க் குறிப்பு முழுவதையும், 2008-ல் படித்து வெளியிட்டார்கள். சுமார் 28 லட்சம் எழுத்துகள், அதில் ஒரே இடத்தில் 43,000 எழுத்து நீளத்துக்கு இந்தப் பால் சர்க்கரைகளை உள்ளே இழுத்து வெட்டும் மரபணுக்கள் வரிசையாக நிற்கின்றன. தின்று முடித்து அது விடும் அமிலத்தில் வேண்டாத கிருமிகள் பல தலையெடுக்க முடிவதில்லை. பசும்பாலில் இந்தச் சர்க்கரைகள் மிக மிகக் குறைவு, ஆட்டுப்பாலில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

இது நேற்று வந்த உறவும் இல்லை. மனிதர், சிம்பன்சி, கொரில்லா மலத்தை ஒப்பிட்டு 2016-ல் வந்த ஆய்வில், இந்தக் குடும்பத்துக் கிருமிகளின் வம்சமரம் நம் வம்சமரத்தோடு கிளைக்குக் கிளை பொருந்தியது. நாமும் சிம்பன்சியும் பிரிந்தபோது நம் கிருமிகளும் பிரிந்திருக்கின்றன. தாயிடமிருந்து பிள்ளைக்கு, லட்சக்கணக்கான தலைமுறையாக! அதனால் சீம்பாலைத் தயவுசெய்து யாரும் பீய்ச்சிக் கொட்ட விடாதீர்கள், சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதும் வேண்டாம். சம்பந்தியம்மாவிடம் ஆட்டுக்குட்டியைக் காட்டியே சொல்லுங்கள், சட்டென்று புரியும்.

கேள்வி: தயிர்க் கிருமி குடலிலேயே தங்கிவிடுமா?
ஒரு வாசகர், காட்பாடி

பதில்: பெரும்பாலும் தங்காது சார். தயிரை உறைய வைக்கும் பல்காரிகஸ் வகையின் மரபணுத் தொகுதி 2006-ல் வெளிவந்தது. அதில் உடைந்து வேலை செய்யாத மரபணுக்கள் ஏராளம், பாலிலேயே எல்லாம் கிடைப்பதால் மற்றதை இழந்துகொண்டே வந்திருக்கிறது. அதற்குப் பிடித்த சூடு 40 டிகிரிக்கு மேல், நம் வேலூர் கத்திரி வெயிலில் உறை ஊற்றிய சட்டி மதியத்துக்குள் புளிப்பது அதனால்தான். தினமும் மோர் குடியுங்கள், பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் தயிர் எளிதில் செரிக்கும்.