தாவரத்துக்குள் எதையும் செலுத்தாமல், இயற்கையாகவே உள்ள ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்களை) மட்டும் அளந்து அதன் வளர்சிதை மாற்றத்தை அறிய முடியுமா?

முடியும். ஆனால் அளந்து எண்ணைப் பெறுவதைவிட அதற்குப் பொருள் காண்பதே கடினம்.

மலேசியாவின் பஹாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த நான், இப்போது செம்பனை இலைகளை ஆய்வுக்கூடத்தில் அளந்து வருகிறேன். மாதிரி எடுக்கப் போகும்போதெல்லாம், "ஏம்மா, கதிர்வீச்சு மருந்து ஏதாவது தெளிக்கிறீங்களா?" என்று ஓய்வுபெற்ற தண்டல் (தோட்டக் கண்காணி) ஒருவர் கேட்பார். இல்லை. நான் அளக்கும் கனமான கார்பனான கார்பன்-13 கதிர்வீச்சற்றது, இயற்கையில் உள்ள கார்பன் அணுக்களில் ஏறக்குறைய 1.1 விழுக்காடு அதுதான்.

செம்பனையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ருபிஸ்கோ நொதி எடை குறைந்த கார்பன்-12ஐயே விரும்பி எடுப்பதால், இலையில் கார்பன்-13 காற்றில் இருப்பதைவிடக் குறைந்துவிடுகிறது. அனைத்துலக ஒப்பீட்டுத் தரத்தோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு இத்தனை என்று சொல்வது வழக்கம்; எண் சுழியத்துக்குக் கீழே இறங்க இறங்க கார்பன்-13 குறைவு என்று பொருள்: இன்றைய காற்று ஏறக்குறைய -8.5, செம்பனை, ரப்பர் போன்றவை -27ஐ ஒட்டி, முதலில் வேறு நொதியால் வாயுவைப் பிடிக்கும் லாலாங் புல் -12ஐ ஒட்டி. ஒரே நிரையில் வளர்ந்த புல்லையும் செம்பனை ஓலையையும் பொடியாக்கிக் கொடுத்தாலும் கருவி பிரித்துச் சொல்லிவிடும்.

வறட்சியில் இலைத்துளைகள் சுருங்கும்போது உள்ளே வாயு குறைந்து, நொதிக்குத் தேர்ந்தெடுக்க வாய்ப்பில்லாமல் போவதால், கனமான கார்பனும் கூடுதலாகச் சேர்கிறது. ஆஸ்திரேலியாவின் கிரஹாம் ஃபார்குவரும் உடனாய்வாளர்களும் 1982இல் இதைச் சமன்பாடாக்கினார்கள். இந்த அளவீட்டின் துணையோடு தேர்ந்தெடுக்கப்பட்ட டிரைஸ்டேல் கோதுமை 2002இல் அங்கே வெளியிடப்பட்டது.

சிக்கல் என்னவென்றால், நல்ல தழைச்சத்து கிடைத்து ஒளிச்சேர்க்கை விரைந்தாலும் உள்ளே வாயு குறையும்; எண் அதே திசையில்தான் நகரும். தாகத்தில் வாடும் மரமும் உரம் கிடைத்துச் செழித்த மரமும் ஒன்றுபோலத் தெரியும்! ஆகவே இலையின் நார்ப்பொருளான செல்லுலோசில் உள்ள கனமான ஆக்சிஜனையும் (ஆக்சிஜன்-18) சேர்த்து அளக்கிறோம்; துளைகள் மூடினால் அது உயரும், ஒளிச்சேர்க்கை விரைவதால் மட்டும் அவ்வளவாக மாறாது. இரண்டும் உயர்ந்திருந்தால் துளைகள் மூடியிருந்தன என்றும், கார்பன் மட்டும் உயர்ந்திருந்தால் ஒளிச்சேர்க்கைத் திறன் கூடியது என்றும் கொள்ளலாம். ஒப்பிடும் மரங்களுக்குக் காற்றின் ஈரமும் வேர் உறிஞ்சும் நீரும் ஒன்றாக இருந்தால் மட்டுமே இது செல்லும்.

எந்த ஓலையை வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். தொடக்கத்தில், பச்சை பிடிக்காத இளங்கீற்றுகளை முதிர்ந்த ஓலைகளோடு கலந்துவிட்டு, மேட்டு நிலத்து மரங்கள் வறட்சியில் தவிப்பதாக அறிக்கையே எழுதிவிட்டேன். குருத்து தானே உணவு தயாரிப்பதில்லை. மற்ற பாகங்கள் அனுப்பிய சர்க்கரையில் வளர்வதால் அதில் கார்பன்-13 இயல்பாகவே கூடுதல். உரப் பரிசோதனைக்குத் தோட்டங்களில் உச்சியிலிருந்து எண்ணி 17ஆம் மட்டையை எடுக்கும் வழக்கத்தையே அதன்பின் நானும் பின்பற்றுகிறேன்.

சுவீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் இதைவிட நுட்பமாகச் செய்கிறார்கள். குளுக்கோஸ் மூலக்கூற்றில் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் எந்தெந்த இடத்தில் எவ்வளவு அமர்ந்திருக்கிறது என்று காந்த ஒத்ததிர்வால் பார்த்து, பதப்படுத்திய பழைய இலைகளிலிருந்தே, 20ஆம் நூற்றாண்டில் கரியமில வாயு கூடக்கூட ஒளிச்சுவாசம் (ருபிஸ்கோ வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்து, சேர்த்த கார்பனில் ஒரு பங்கை இழக்கும் வினை) குறைந்ததை 2015இல் காட்டினார்கள். எங்கள் கருவியால் அது ஆகாது. இலையை எரித்து வாயுவாக்கிய கணமே எந்த அணு எங்கே இருந்தது என்ற செய்தி அழிந்துவிடுகிறது.