ககோப்சில்லா: கேட்டவர்களும் பதில்களும்

கே: பேரிக்காய் மரத்தில் துள்ளும் இது தத்துப்பூச்சியா, பேன் வகையா?

ப: இரண்டுமில்லை. இது ககோப்சில்லா, செடிச் சாறு குடிக்கும் சில்லிட் பூச்சி. அசுவினி, வெள்ளை ஈ வகையறாவுக்குச் சொந்தம். செடிப்பேன் என்பதெல்லாம் பெயரில்தான். துள்ளவைக்கும் தசைகள் மார்புக்குள் இருக்கின்றன.

கே: பழைய நூலில் சில்லா பைரி, புதியதில் ககோப்சில்லா பைரி. வேறு வேறா?

ப: ஒன்றேதான். 1762இல் பூச்சியியலாளர் ஜெஃப்ராய் சில்லா பேரினத்தை வகுத்தார். பின்னால் வந்தவர்கள் அகப்பட்டதையெல்லாம் அதில் போட்டு அடைத்தார்கள். 1970இல் பூச்சியியலாளர் ஓசியன்னில்சன் ககோப்சில்லா என்ற பெயரைத் தந்தார். பேரி, ஆப்பிள் பூச்சிகள் அங்கே போயின. ஆல்டர், பிர்ச் மரங்களில் வாழ்பவை சில்லாவிலேயே தங்கின. கிரேக்கத்தில் சில்லா என்றால் தெள்ளு, ககோ என்றால் கெட்டது. நல்ல தெள்ளு எதுவோ!

கே: மரபணுவை வைத்து வரைந்த உறவு மரத்தில் ககோப்சில்லா ஒரே கிளையாக நிற்கவில்லையே. பிரித்ததே தப்பு.

ப: நிற்கவில்லை, உண்மை. அதற்காகப் பழைய மூட்டைக்குள் திணிப்பதா?

கே: ஓட்டை மூட்டைக்குப் பழைய மூட்டையே மேல்.

ப: பழையதிலும் ஓட்டைதான் ஐயா, பெரிய ஓட்டை. ஆல்டர் பூச்சியையும் பேரிப் பூச்சியையும் ஒரே பெயரில் வைத்தால் எது எதைத் தின்னும் என்ற தடயமே போய்விடும். இன்னும் நுணுக்கிப் பிரிக்கலாம் என்றால் உங்கள் பக்கம் வருகிறேன்.

கே: பைன் மரத்தில் பிடித்தேன். பைனையும் தின்னுமா?

ப: குஞ்சு இருந்ததா? குஞ்சு, அதாவது சிறகு முளைக்காத இளம்பூச்சி, இல்லாத மரத்தை உணவு மரம் என்று எழுதாதீர்கள். ககோப்சில்லா மெலனோநியூரா குளிர்காலத்தை ஊசியிலை மரங்களில் கழித்துவிட்டு, முட்டையிட ஹாதார்ன் என்ற முள்மரத்துக்கோ ஆப்பிளுக்கோ திரும்பும். ககோப்சில்லா மாலி அப்படியல்ல. ஆப்பிள் கிளையில் முட்டையாகவே குளிரைத் தாண்டும். பைரியின் வளர்ந்த பூச்சி குளிர்காலத்தில் பெருத்து, கறுத்து இருக்கும். கோடைப் பூச்சியோடு வைத்தால் இரண்டு சிற்றினம் என்றே நினைப்பீர்கள்.

கே: படம் அனுப்பினால் சிற்றினம் சொல்வீர்களா?

ப: மாட்டேன். ஆணின் பின்முனை உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும்.

கே: தெளிவான படம்.

ப: மேலே பாருங்கள்.

கே: வெறும் சாறு குடித்து எப்படி வாழ்கிறது?

ப: தனியாக வாழ்வதில்லை. உடம்புக்குள் கார்சொனெல்லா என்ற பாக்டீரியா, சாற்றில் குறைவான அமினோ அமிலங்களைச் செய்து தருகிறது. ஒரு சில்லிட் பூச்சியில் இருந்த அதன் மரபணுத்தொகுதியை 2006இல் படித்தார்கள்: சுமார் 1,60,000 டி.என்.ஏ. எழுத்துகள்தான். மிஞ்சிய சர்க்கரை தேன்கசிவாக வழிய, அதில் கரும்பூசணம் படர்கிறது.

கே: எந்த மருந்து அடிக்கலாம்?

ப: கண்டபடி அடித்தால் இதைத் தின்னும் ஆந்தோகோரிட் பூச்சிகள் முதலில் சாகும், சில்லிட் திரும்பிப் பெருகும்.

கே: எலுமிச்சையில் உள்ளதற்கு?

ப: அது டயாஃபோரினா, வேறு பேரினம். எலுமிச்சை நோய் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கே: ஆப்பிளில் நாலைந்து துள்ளின. மருந்து?

ப: குஞ்சு இருந்ததா?